விஎஃப்டி ஓடும்போது யூஎஸ்பி-6009 வாசிப்புகள் குழம்புகின்றன: முகத்துவாரம் குளிரறை

கொழும்பு15 எழுதியது:

வணக்கம். முகத்துவாரத்தில் கடலுக்குக் கிட்ட உள்ள ஒரு மீன் குளிரறைக்கு கணினி வழி அளவீடு அமைக்கிறேன். லப்டொப்பும் என்ஐ யூஎஸ்பி-6009 பெட்டியும் (சென்சர் வோல்டை எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்புவது) இயந்திர அறையில் இருக்கின்றன. மென்பொருள் லாப்வியூ கொம்யூனிட்டி பதிப்பு.

இணைப்புகள் இப்படி: கே வகை தேர்மோகப்பிள் (இரு உலோக வயரின் சந்தியால் வெப்பநிலை அளப்பது) இரண்டு. ஒன்று குளிரறைக் காற்றில், 14 மீட்டர் வயருடன். மற்றது கொம்பிரசரின் டிஸ்சார்ஜ் குழாயில் போல்ட் போட்டு இறுக்கியது. இரண்டும் டிஃபரென்ஷல் முறையில் (இரு முனைக்கும் இடையிலான வோல்ட்), வீச்சு ±1 வோல்ட். அமுக்கத்துக்கு −1 முதல் 12 பார் வரையான 4–20 மில்லிஅம்பியர் டிரான்ஸ்மிட்டர் (அளவை மின்னோட்டமாக அனுப்புவது). 250 ஓம் தடையியில் எடுக்கிறேன். இரைச்சல் குறையட்டும் என்று தொடராக 10 கிலோஓமும் தரைக்கு 1 மைக்ரோஃபாரட்டும் போட்டு ஒற்றைமுனை (தரையை ஒப்பாகக் கொண்ட) உள்ளீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். மின்னோட்டத்துக்கு எஸ்சிடி-013-030 கிளாம்ப், விஎஃப்டியிலிருந்து (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) மோட்டாருக்குப் போகும் வயரில். நான்கு சானலும் செக்கனுக்கு 1000 மாதிரி. விஎஃப்டியின் கேரியர் (அது மின்னைத் துடிப்பாக வெட்டி அனுப்பும் அதிர்வெண்) 4 கிலோஹேர்ட்ஸ்.

பிரச்சினைகள்:

குளிரறை வெப்பநிலை வழுக்கிப் போகாமல் 3 பாகைப் படிகளாகத் தாவுகிறது. விஎஃப்டி ஓடினால் ±6 பாகை ஆட்டம், அதோடு மெதுவாக ஏறி இறங்கும் ஓர் அலை. 100 மாதிரிச் சராசரி எடுத்தும் அந்த அலை போகவில்லை.

அறையில் தொங்கும் வெப்பமானி −18 காட்டும்போது கணினி நண்பகலில் −24, இரவில் −19 என்கிறது. தேர்மோகப்பிள் கணக்கில் குளிர்முனையை (வயர் பெட்டியில் முடியும் இடத்தின் வெப்பநிலை) 30 பாகை என்று நிலையாக வைத்திருக்கிறேன்.

லூப் கலிபரேட்டரில் (சரியான மின்னோட்டம் தரும் சோதனைக் கருவி) 4 மில்லிஅம்பியர் கொடுத்தால் 1.03 வோல்ட், 20 கொடுத்தால் 4.77 வோல்ட் காட்டுகிறது. 250 ஓமின் குறுக்கே மல்டிமீட்டர் வைத்தால் 1.00, 5.00 சரியாக வருகிறது.

லப்டொப் சார்ஜரைக் குத்தினால் எல்லா வாசிப்பும் கொஞ்சம் நகர்கிறது.

கொஞ்ச நேரம் ஓடிய பிறகு −200279 என்ற பிழையோடு நிரல் நின்றுவிடுகிறது.

யூஎஸ்பி ஐசொலேட்டர் (கணினிக்கும் பெட்டிக்கும் இடையிலான மின்தொடர்பைப் பிரிப்பது) வாங்கினால் தீருமா? இல்லை மென்பொருளில் இன்னும் நல்ல ஃபில்டர் போட வேண்டுமா? எதிலிருந்து தொடங்குவது?

---

இருபதுமில்லி எழுதியது:

தம்பி, எண்களோடு எழுதியபடியால் ஊகிக்கத் தேவையில்லை. இவை ஒரே பிரச்சினை இல்லை. விஎஃப்டியை நிறுத்தினாலும் பாதி அப்படியே இருக்கும். ஐசொலேட்டரும் மென்பொருள் ஃபில்டரும் இப்போதைக்கு வேண்டாம்.

அமுக்கத்தை முதலில் எடுக்கிறேன், அதுதான் மிகத் தெளிவானது. 6009இன் ஒவ்வொரு அனலொக் உள்ளீட்டுக்கும் பின்னால் ஒரு தடையி வலை இருக்கிறது. உள்ளீட்டு முனையிலிருந்து 127 கிலோஓம், அதன் மறுமுனையிலிருந்து 2.5 வோல்ட் ஒப்புக்கு 30.9 கிலோஓம், தரைக்கு 39.2 கிலோஓம். வெளியிலிருந்து பார்த்தால் இது 1.4 வோல்டில் கட்டிய 144 கிலோஓம் தடையாகத் தெரியும். எதுவும் கொழுவாத சானல் 1.4 வோல்ட் காட்டுவதும் இதனால்தான். நீங்கள் தொடராகப் போட்ட 10 கிலோஓம், உண்மையான வோல்டுக்கும் இந்த 1.4க்கும் உள்ள வித்தியாசத்தில் 154க்கு 10 பங்கைத் தின்கிறது. 5 வோல்டில் வித்தியாசம் 3.6, அதில் 0.23 குறைந்து 4.77. 1 வோல்டில் வித்தியாசம் எதிர்ப்பக்கம் 0.4, அதில் 0.026 கூடி 1.03. உங்கள் இரண்டு எண்ணும் அச்சொட்டாக விழுகின்றன. மேல்முனையில் இது 0.76 பார் பிழை.

பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. 10 கிலோஓமைக் கழற்றிவிட்டு 250 ஓமின் குறுக்கேயே 10 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கொள்ளளவி ஒன்றைப் போடுங்கள். சாதாரண மின்பகு கொள்ளளவியே போதும், முனை மாறாமல் பாருங்கள். வெட்டு அதிர்வெண் 64 ஹேர்ட்ஸ் அளவில் வரும், 4 கிலோஹேர்ட்ஸ் இரைச்சல் அறுபதில் ஒரு பங்காகிவிடும், சிக்னல் பாதையில் தொடர் தடையும் இராது. மிஞ்சுவது மேல்முனையில் 6 மில்லிவோல்ட் மட்டும். அதைக் கலிபரேஷனில் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி வெப்பநிலை. கே வகை ஒரு பாகைக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் தருகிறது. 6009 டிஃபரென்ஷல் முறையில் 14 பிட். ±1 வோல்ட் வீச்சில் ஒரு படி 2 வோல்ட் வகுத்தல் 16384, அதாவது 0.122 மில்லிவோல்ட். அதுதான் உங்கள் 3 பாகைப் படி. 0 பாகையை ஒப்பாகக் கொண்டால் −18இல் வருவது வெறும் −0.70 மில்லிவோல்ட், ஆறு படிகூட இல்லை. இரைச்சல் இருந்தால் சராசரி படிக்கு இடையில் போய் நிற்கும் என்பது உண்மை. ஆனால் பெட்டியின் சொந்த ஓஃப்செட் மில்லிவோல்ட் கணக்கில் இருக்கக்கூடியது, அதைச் சராசரி தொடாது. அம்பிளிஃபயர் இல்லாமல் தேர்மோகப்பிளை நேரே கொழுவுவதற்கான பெட்டி இதுவல்ல.

குளிர்முனை: 6009இல் அதற்கான சென்சர் இல்லை. நீங்கள் 30 என்று வைத்திருக்கிறீர்கள். நண்பகலில் இயந்திர அறையில் அந்தத் திருகுமுனைகள் 36 பாகையில் இருந்தால் உங்கள் விடை 6 பாகை கீழே விழும், −18க்கு −24 வரும். இரவில் 31க்கு இறங்கினால் −19. எந்த ஃபில்டரும் இதைத் திருத்தாது.

ஆகவே குளிரறைக்கு கே வகையைக் கைவிடுங்கள். மூன்று வயர் பிடி100 சென்சரும் (வெப்பநிலையோடு தடை மாறும் பிளாட்டினம் சென்சர்), −50 முதல் +50 பாகைக்கு அமைத்த 4–20 மில்லிஅம்பியர் ஹெட் டிரான்ஸ்மிட்டரும் போடுங்கள். 100 பாகைக்கு 16 மில்லிஅம்பியர், 250 ஓமில் ஒரு பாகைக்கு 40 மில்லிவோல்ட். தேர்மோகப்பிளோடு ஒப்பிட்டால் சிக்னல் ஆயிரம் மடங்கு. 6009ஐ ±10 வோல்ட் வீச்சில் வைத்தாலும் ஒரு படி 0.03 பாகைதான். ±5 வீச்சு இன்னும் நுணுக்கம் என்று அதற்குப் போகாதீர்கள். டிரான்ஸ்மிட்டர் பழுதைச் சொல்ல 21 மில்லிஅம்பியருக்கு மேலே போகும்போது 5.25 வோல்ட் வரும், ±5 வீச்சு அதைக் காணாது. 0.9 வோல்டுக்குக் கீழே வந்தால் வயர் அறுந்தது, 5.25க்கு மேலே போனால் சென்சர் பழுது என்று நிரலில் எழுதிவிடுங்கள்.

வயரிங்: 24 வோல்ட் நேர்முனையிலிருந்து டிரான்ஸ்மிட்டர் நேர்முனைக்கு, அதன் எதிர்முனையிலிருந்து 250 ஓமுக்கு, அங்கிருந்து 24 வோல்ட் எதிர்முனைக்கு. தடையி எப்போதும் இந்தக் கீழ்ப்பக்கத்தில்தான் இருக்க வேண்டும். மேல்பக்கத்தில் போட்டால் உள்ளீட்டு முனைக்கு 20 வோல்டுக்கு மேல் வரும், 6009 அளக்கக்கூடிய ±10ஐத் தாண்டிவிடும். ஒவ்வொரு தடையிக்கும் தனி டிஃபரென்ஷல் சோடி: ஏஐ0 உடன் ஏஐ4, ஏஐ1 உடன் ஏஐ5, அப்படியே. 24 வோல்ட் எதிர்முனையை 6009இன் தரைக்கு ஒரேயொரு வயரால் இணையுங்கள். மொத்தம் நான்கு சோடிதான் உண்டு: இரண்டு வெப்பநிலை, ஓர் அமுக்கம், ஒரு மின்னோட்டம். உங்களுக்குக் கணக்குச் சரி.

0.1 சதவீத 250 ஓம் தடையி புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் கிடைக்காவிட்டால், 1 கிலோஓம் மெட்டல் ஃபில்ம் நான்கைச் சமாந்தரமாக ஒட்டுங்கள். 20 மில்லிஅம்பியரில் 0.1 வாட் வெப்பம் நான்காகப் பிரியும், பெறுமானம் நகராது. நல்ல மீட்டரால் அளந்து, வந்த எண்ணையே நிரலில் போடுங்கள்.

அந்த மெதுவான அலைதான் இதில் ஆபத்தானது, ஏனெனில் அது உண்மையான வெப்பநிலை மாற்றம் போலவே தோன்றும். கேரியர் 4 கிலோஹேர்ட்ஸ், நீங்கள் மாதிரி எடுப்பது 1000இல். 4000 என்பது 1000இன் சரியான மடங்கு. கேரியர் உண்மையில் 4001 ஹேர்ட்ஸ் என்றால் உங்கள் தரவில் அது 1 ஹேர்ட்ஸ் அலையாக மடிந்து விழும். 100 மாதிரி என்பது 0.1 செக்கன், அந்தச் சராசரி 1 ஹேர்ட்ஸை அப்படியே விட்டுவிடும். 6009இல் இதைத் தடுக்கும் முன்ஃபில்டர் கிடையாது. சோதித்துப் பார்ப்பது சுலபம். மாதிரி வேகத்தை 1030 ஆக்குங்கள். அந்த 4001 இப்போது 119 ஹேர்ட்ஸில் விழும், மெதுவான அலை மறையும். மறைந்தால் குற்றவாளி கேரியர்தான். ஆனால் 1030இலேயே விட்டுவிடாதீர்கள். இரைச்சல் இடம் மாறியதே தவிரப் போகவில்லை. அதைக் கொள்ளளவிதான், எண்ணாக மாறும் முன்பே, தடுக்க வேண்டும்.

---

ட்ரிப்சுவிட்ச் எழுதியது:

இருபதுமில்லி அண்ணா சொன்னதோடு உடன்பாடு. மின்பக்கத்துக்குச் சில விடயங்கள்.

கிளாம்பை விஎஃப்டி வெளியீட்டிலிருந்து கழற்றுங்கள். எஸ்சிடி-013 வகை 50/60 ஹேர்ட்ஸ் சைன் அலைக்கு உரியது. வெளியீட்டில் அதிர்வெண் வேகத்தோடு மாறும், துடிப்புகளும் சேர்ந்து வரும். கீழ் அதிர்வெண்ணில் கருப்பகுதி தெவிட்டி, காட்டும் எண்ணுக்கு அர்த்தமே இராது. உள்ளீட்டுப் பக்கத்தில் ஒரு லைவ் வயரை மட்டும் பிடியுங்கள். கேபிள் முழுவதையும் பிடித்தால் பூச்சியம்தான் வரும்.

013-030 மாதிரியில் சுமைத் தடையி உள்ளேயே இருக்கிறது, 30 அம்பியருக்கு 1 வோல்ட் ஆர்எம்எஸ் (பயனுறு மதிப்பு). அதற்கு மேலதிகத் தடையி போட வேண்டாம். 013-000 மாதிரி அப்படியல்ல. அதில் வருவது மின்னோட்டம், வெளியே தடையி இல்லாமல் வயரில் பூட்டவே கூடாது. ஆர்டுயினோவுக்குப் போல 2.5 வோல்ட் பயஸும் இங்கே தேவையில்லை, 6009 மறை வோல்டையும் வாசிக்கும். ஒரு முனையைத் தரையில் கட்டிவிட்டு டிஃபரென்ஷலில் எடுங்கள். வீச்சு ±5 வையுங்கள். விஎஃப்டியின் உள்ளீட்டு மின்னோட்டம் கூர்முனை கூர்முனையாக வரும், உச்சம் ஆர்எம்எஸ்ஸின் 1.41 மடங்கை நன்றாகத் தாண்டும். ±1.25இல் வைத்தால் உச்சி வெட்டுப்பட்டு, குறைந்த ஆர்எம்எஸ் காட்டும்.

இன்னொன்று: இந்த எண்ணை 230ஆல் பெருக்கி வாட் என்று வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம். அலை உருக்குலைந்திருப்பதால் அது வாட் ஆகாது. மின்னோட்டம் என்று மட்டும் காட்டுங்கள்.

டிஸ்சார்ஜ் குழாயில் போல்ட் போட்ட தேர்மோகப்பிளின் சந்தி குழாயோடு மின்தொடர்பில் இருக்கிறது. விஎஃப்டியின் துடிப்பு மோட்டார்ச் சுற்றிலிருந்து உடம்புக்குத் தாவி, அங்கிருந்து குழாய் வழியாகவும் நிலத்துக்குத் திரும்புகிறது. அந்தப் பாதையில் உங்கள் அளவுமானி கட்டப்பட்டிருக்கிறது. காப்பிட்ட சந்தி உள்ள சென்சர் போட வேண்டும். மோட்டார் வயர் உறையுள்ள கேபிளாக, உறை இரண்டு முனையிலும் உலோகக் கிளாம்பால் சுற்றிவரப் பிடிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். உறையை முறுக்கி வால் போல ஒரு திருகில் கட்டினால் உயர் அதிர்வெண்ணுக்கு அது இல்லாதது மாதிரி. சென்சர் கேபிளின் உறையை 6009 பக்கத்தில் மட்டும் கட்டுங்கள். இரண்டு கேபிளுக்கும் இடையில் குறைந்தது 30 சென்டிமீட்டர் விடுங்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். பெட்டியைத் திறக்கும்போது மின்னை நிறுத்தினாலும் உள்ளே உள்ள பெரிய கொள்ளளவிகள் ஏறியே இருக்கும். மூடியில் எழுதிய நேரம் கழியும் வரை கை வைக்க வேண்டாம்.

சார்ஜர்: இரண்டு பின் சார்ஜர்தானே? அதற்குள் இரைச்சலுக்காக வைத்த சிறு கொள்ளளவிகள் லப்டொப்பின் தரையை மின்வழங்கலின் ஏறத்தாழ அரைவாசி வோல்டுக்கு இழுத்து வைத்திருக்கும். போகும் மின்னோட்டம் சொற்பம், ஆனாலும் அது யூஎஸ்பி வழியாக 6009 தரைக்கும் அங்கிருந்து 24 வோல்ட் எதிர்முனைக்கும் ஓடும். பற்றரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். வாசிப்பு திரும்பி வந்தால் காரணம் உறுதி. தரைமுனை உண்மையிலேயே இணைந்த மூன்று பின் சார்ஜர் ஒன்றே பல இடங்களில் போதும். அதற்குப் பிறகும் நகர்ந்தால் ஐசொலேட்டர் வாங்குங்கள். 6009 செக்கனுக்கு 12 மெகாபிட் யூஎஸ்பிதான், ஆகவே ஏடியூஎம்4160 சிப் உள்ள சாதாரண ஐசொலேட்டர் தாங்கும். அதற்குள் 5 வோல்டையும் பிரித்துக் கொடுக்கும் பகுதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஈரம் பற்றியும் யோசியுங்கள். குளிரறைச் சுவரில் கேபிள் போகும் துளையை இரண்டு பக்கமும் சிலிக்கனால் அடைக்காவிட்டால் வெளியிலிருக்கும் ஈரக்காற்று குழாய்க்குள் இழுபட்டு, உள்ளே தண்ணீராகி, சென்சர் தலைக்குள் சேரும். பிடி100க்கு காப்பு குறைந்தால் அது சமாந்தரத் தடை, வெப்பநிலை உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஹெட் டிரான்ஸ்மிட்டரை அறைக்கு வெளியே, கிளாண்ட் கீழே பார்க்க வையுங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், வழியும் நீர் அதிலேயே சொட்டிவிடும். முகத்துவாரத்து உப்புக்காற்றில் வெறும் செம்பு வயர் திருகுமுனையில் பச்சை பிடிக்கும். ஈயம் பூசிய வயரும் ஃபெரூலும் பாவியுங்கள்.

---

வரிசைநூல் எழுதியது:

−200279க்கு வருகிறேன். அதன் பொருள், வன்பொருள் எடுக்கும் வேகத்துக்கு உங்கள் நிரல் வாசித்து முடிக்கவில்லை, வாசிக்காத மாதிரிகளின் மேல் புதியவை எழுதப்பட்டுவிட்டன என்பதுதான். பெட்டிக்கும் விஎஃப்டிக்கும் இதில் பங்கில்லை.

தொடர் வாசிப்பில் டாக்எம்எக்ஸ் (என்ஐ பெட்டிகளின் டிரைவர்) தானாக ஒதுக்கும் பஃபர் (தற்காலிக நினைவிடம்), சானல் ஒன்றுக்கு செக்கனுக்கு 100 மாதிரிக்கு மேல் 10,000 வரையான வேகத்தில், 10,000 மாதிரி. 1000இல் அது 10 செக்கன். மின்னோட்டத்துக்காக வேகத்தை 5000 ஆக்கினால் 2 செக்கன்தான். விண்டோஸ் இடையில் எதையாவது செய்து 2 செக்கன் டிஸ்க்கைப் பிடித்தால் கதை முடிந்தது. உங்கள் நிரலில் வாசிப்பும் கோப்பு எழுதுவதும் ஒரே லூப்பில் இருக்கும் என்று நினைக்கிறேன். அளவீட்டுக் கோப்பு எழுதும் எக்ஸ்பிரஸ் விஐயை (லாப்வியூவின் தயார்நிலைக் கூறு) லூப்புக்குள் போட்டு உரைக் கோப்பாக எழுதினால், ஒவ்வொரு சுற்றிலும் தேவையில்லாத வேலை சேர்ந்துகொண்டே போகும்.

இரண்டு லூப்பாகப் பிரியுங்கள். முதலாவது வாசிக்கும், கியூவில் (காத்திருப்பு வரிசையில்) போடும், வேறொன்றும் செய்யாது. ஒரு வாசிப்புக்கு ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு: 5000இல் 500 மாதிரி. இரண்டாவது கியூவிலிருந்து எடுத்துக் கணக்குப் பார்த்து, வரைந்து, டிடிஎம்எஸ் (என்ஐயின் இருமத் தரவு) கோப்பில் எழுதும். பஃபரை நீங்களே 50,000 ஆக்கிவிடுங்கள், 10 செக்கன் இடம் கிடைக்கும். கியூவின் நீளத்தைத் திரையில் ஓர் எண்ணாகக் காட்டுங்கள். அது மெல்ல மெல்ல வளர்ந்தால் இரண்டாவது லூப் பின்தங்குகிறது என்று பிழை வருவதற்கு முன்பே தெரியும்.

நான்கு சானலும் 5000 என்றால் மொத்தம் 20,000. 6009இன் எல்லை எல்லாச் சானலுக்கும் சேர்த்து 48,000, ஆகவே இடம் இருக்கிறது. வெப்பநிலைக்கு 5000 வீண் என்று அதை வேறு டாஸ்க்காகப் பிரிக்கப் பார்க்க வேண்டாம். அனலொக் உள்ளீட்டுக்கு ஒரே கடிகாரம்தான், இரண்டாவது டாஸ்க் −50103 என்று வளம் ஏற்கனவே பிடிபட்டிருப்பதைச் சொல்லி நிற்கும். எல்லாவற்றையும் 5000இல் எடுத்துவிட்டு, மெதுவானவற்றைச் சராசரியாகச் சுருக்குங்கள்.

சுருக்கும் ஜன்னல் 200 மில்லிசெக்கன், 1000 மாதிரி. 50 ஹேர்ட்ஸில் அது சரியாக 10 சுற்று, மின்தர அளவீட்டுத் தரங்களிலும் 10 சுற்று ஜன்னல்தான். ஆர்எம்எஸ்ஸும் முழுச் சுற்றுகளில் வரும், வெப்பநிலையில் ஏறிய 50 ஹேர்ட்ஸும் அடிபட்டுப் போகும். முழுமையடையாத சுற்று மிஞ்சினால் ஆர்எம்எஸ் எண் ஆடிக்கொண்டே இருக்கும்.

முழுத் தரவையும் சேமிக்க வேண்டாம். 4 சானல், 5000 மாதிரி, 8 பைட் என்றால் மணிக்கு 576 மெகாபைட், ஒரு நாளைக்கு 13.8 கிகாபைட். செக்கனுக்கு ஒரு வரி எழுதுங்கள். கொம்பிரசர் தொடங்கும் முதல் சில செக்கன்களுக்கு மட்டும் முழு அலையைப் பிடியுங்கள், தொடக்க மின்னோட்டம் அதில்தான் தெரியும். கரண்ட் போனால் கடைசித் துண்டு தொலையாமல் நிமிடத்துக்கு ஒரு தடவை கோப்பை டிஸ்க்குக்குத் தள்ளுங்கள். விண்டோஸில் யூஎஸ்பி மின்சேமிப்பையும் தூக்க நிலையையும் அணைத்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று, இது முக்கியம். கொம்யூனிட்டி பதிப்பு வணிக வேலைக்கு அனுமதிக்கப்பட்டதல்ல. வாடிக்கையாளரின் குளிரறை வணிக வேலைதான். உரிமம் வாங்குங்கள், அல்லது பைதானுக்கு மாறுங்கள். டாக்எம்எக்ஸ் டிரைவர் இலவசம், அதன்மேல் நிடாக்எம்எக்ஸ் என்ற திறந்த பைதான் நூலகம் இருக்கிறது. ஒவ்வொரு 500 மாதிரிக்கும் தானாக அழைக்கப்படும் ஒரு செயற்கூற்றைப் பதிவு செய்து, அதற்குள் வாசித்துக் கியூவில் போடலாம். இரண்டு இடத்தில் சறுக்கும். அந்தச் செயற்கூறு முடிவில் 0 திருப்பித் தர வேண்டும். முன்னரே ஒதுக்கிய அறேயில் வாசிப்பதாக இருந்தால் கியூவில் போடும்போது அதன் பிரதியைப் போடுங்கள். அறேயையே போட்டால் அடுத்த வாசிப்பு அதன்மேல் எழுதிவிடும். கோப்பில் ஒரே 500 மாதிரி திரும்பத் திரும்ப வருவதைக் கண்டால் காரணம் இதுதான்.

---

எஸ்பிஐ_ரசிகன் எழுதியது:

ஹெட் டிரான்ஸ்மிட்டருக்குச் செலவழிக்காமல் மேக்ஸ்31865 மொடியூலும் ஒரு ஈஎஸ்பி32 நுண்கட்டுப்படுத்தியும் போதாதா? பிடி100ஐ நேரே வாசித்து சீரியலில் லப்டொப்புக்கு அனுப்பலாம். 15 பிட், கணக்கு எல்லாம் எண்ணாகவே வரும்.

---

இருபதுமில்லி எழுதியது:

சிப் நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எஸ்பிஐ வயரை (அந்த சிப்பையும் ஈஎஸ்பி32வையும் இணைப்பது) 14 மீட்டர், அதுவும் விஎஃப்டிக்குப் பக்கத்தால், இழுக்க ஏலாது. சுவருக்குப் பக்கத்தில் ஈஎஸ்பி32வை வைத்தால் அதற்கு மின், பெட்டி, ஈரக்காப்பு எல்லாம் வேறாக வேண்டும். நேரமும் வேறு கடிகாரத்தில் ஓடும், அமுக்கத்தோடு பொருத்திப் பார்க்கும்போது அது தொல்லை. மேசையில் ஒரு சோதனைக்கு என்றால் தாராளமாகச் செய்யலாம்.

செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மேக்ஸ்31865இலும் தேர்மோகப்பிளுக்கான மேக்ஸ்31856இலும் மின்வழங்கல் இரைச்சலை வெட்டும் ஃபில்டர் மின் கொடுத்தவுடன் 60 ஹேர்ட்ஸில்தான் எழும்பும். இங்கே மின் 50 ஹேர்ட்ஸ். அமைப்புப் பதிவேட்டின் கடைசி பிட்டை 1 ஆக்கினால்தான் 50க்கு மாறும். பல மாதிரி நிரல்கள் அதைத் தொடுவதே இல்லை. பழைய மேக்ஸ்6675 என்றால் ஒரு மாற்றத்துக்கு 0.22 செக்கன் வரை எடுக்கும். அதற்குள் திரும்பவும் வாசித்தால் மாற்றம் இடையில் நின்று முதலிலிருந்து தொடங்கும், ஒரே எண் உறைந்து நிற்கும்.

---

கொழும்பு15 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 1030 ஆக்கியதும் அந்த மெதுவான அலை மறைந்தது, 1000க்குத் திரும்பியதும் வந்தது. 10 கிலோஓமைக் கழற்றி 10 மைக்ரோஃபாரட் போட்ட பிறகு கலிபரேட்டரில் 1.00, 4.99 வருகிறது. பற்றரியில் ஓட்டினால் நகர்வு இல்லை, மூன்று பின் சார்ஜர் தேடுகிறேன். வரிசைநூல் அக்கா, உரிம விடயம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை, பைதானுக்கு மாறுகிறேன்.

இன்னும் மூன்று கேள்வி. டிஸ்சார்ஜ் குழாய் 100 பாகையைத் தாண்டுகிறது, −50 முதல் +50 டிரான்ஸ்மிட்டர் அதற்குப் பொருந்தாதே? மின்னோட்டச் சானலுக்கும் கொள்ளளவி வேண்டுமா? பிடி100 சங்கிலி முழுவதையும் விலை கூடிய கருவி இல்லாமல் எப்படிச் சரிபார்ப்பது?

---

இருபதுமில்லி எழுதியது:

குழாய்க்கும் பிடி100தான். டிரான்ஸ்மிட்டரை 0 முதல் 150 பாகைக்கு அமைத்து வாங்குங்கள், ஒரு பாகைக்கு 26.7 மில்லிவோல்ட் வரும். குழாயின் மேற்பரப்பில் வெப்பப் பசை பூசி, உலோகப் பட்டியால் இறுக்கி, அதற்கு மேலே காப்புறை சுற்றுங்கள். சுற்றாவிட்டால் சென்சர் பாதி குழாயையும் பாதி அறைக் காற்றையும் அளக்கும். தேர்மோகப்பிளைத்தான் வைத்திருக்க வேண்டுமென்றால், காப்பிட்ட சந்தியுள்ள கே வகையை ஏடி8495 அம்பிளிஃபயரோடு போடலாம். பாகைக்கு 5 மில்லிவோல்ட் தருகிறது, குளிர்முனைத் திருத்தமும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்த சிப்பின் வெப்பநிலையும் வயர் முடியும் திருகின் வெப்பநிலையும் ஒன்றாக இருக்க வேண்டும், அதனால் விசிறிக் காற்றுப் படாத மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

மின்னோட்டச் சானலுக்கு ஃபில்டர் வேண்டும், ஆனால் 64 ஹேர்ட்ஸில் வெட்டினால் அளக்க வேண்டியதையே வெட்டிவிடும். 100 ஓம் தொடராக, 1 மைக்ரோஃபாரட் பொலியெஸ்டர் கொள்ளளவி குறுக்கே: வெட்டு 1.6 கிலோஹேர்ட்ஸ். கிளாம்பின் உள்தடையும் சேர்வதால் கொஞ்சம் கீழே வரும். மின்னோட்டத்தின் பெரும்பகுதி 50, 150, 250, 350 ஹேர்ட்ஸிலேயே இருப்பதால் இழப்பு சில சதவீதத்துக்குள் அடங்கும். இங்கே மின்பகு கொள்ளளவி போட வேண்டாம், சிக்னல் இரண்டு பக்கமும் ஆடுகிறது. 100 ஓம் என்றபடியால் 144 கிலோஓமின் பாதிப்பும் 0.1 சதவீதத்துக்குக் கீழே.

சரிபார்ப்பு: முதலில் சென்சரைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரின் முனையில் 0.1 சதவீத 100 ஓம் தடையி ஒன்றைக் கட்டுங்கள். மூன்று வயர் என்பதால் தடையியின் ஒரு பக்கத்தில் இரண்டு முனையும் மறுபக்கத்தில் ஒன்றும் வரும். பிடி100க்கு 100 ஓம் என்றால் 0 பாகை. −50 முதல் +50 வீச்சில் அது 12 மில்லிஅம்பியர், 250 ஓமில் 3.000 வோல்ட். தடையிப் பெட்டி கடன் கிடைத்தால் 92.16 ஓமில் −20 பாகை, 2.200 வோல்ட் வர வேண்டும். இந்த இரண்டு புள்ளியும் உங்கள் குளிரறை வேலைசெய்யும் இடத்தைக் கவ்விப் பிடிக்கின்றன. 6009இன் ஓஃப்செட்டும், 250 ஓமின் உண்மைப் பெறுமானமும், உள்ளீட்டுத் தடையின் மிச்சமும் சேர்ந்து ஒரு நேர்கோட்டுத் திருத்தமாக வெளிவரும். 100 ஓமின் 0.1 சதவீதம் என்பதே 0.26 பாகை, ஆகவே அதைவிட நுணுக்கமாகத் திருத்த முயல வேண்டாம்.

அதன் பிறகு சென்சரைத் திரும்பக் கட்டி ஐஸில் வையுங்கள். ஐஸை நன்றாக இடித்து வாய் அகன்ற தேர்மோஸ் நிரப்பி, இடைவெளி நிறையும் அளவுக்கு மட்டும் குளிர்நீர் ஊற்றுங்கள். ஐஸ் மிதந்து அடியில் வெறும் நீர் நின்றால் அது 0 பாகை அல்ல, கொஞ்ச நீரை வடித்துவிடுங்கள். மீன் கடை ஐஸ் எடுக்க வேண்டாம், உப்புப் பட்டிருந்தால் உருகுநிலை இறங்கிவிடும். சென்சர் 10 சென்டிமீட்டராவது உள்ளே போய், சுவரில் முட்டாமல் நிற்க வேண்டும். எண் நிலைத்த பிறகு எழுதுங்கள். தடையியில் சரியாக வந்து ஐஸில் வராவிட்டால் தவறு சென்சரில் அல்லது வயரில். இரண்டிலும் ஒரே அளவு விலகினால் நிரலில் உள்ள திருத்தத்தைத் திரும்பப் பாருங்கள். இந்தச் சோதனையை விஎஃப்டி நின்றிருக்கும்போது ஒரு தடவை, முழு வேகத்தில் ஓடும்போது ஒரு தடவை செய்யுங்கள். இரண்டு எண்ணுக்கும் இடையில் 0.1 பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால் உறை, தரை இணைப்புகளில் இன்னும் வேலை இருக்கிறது.